சுண்ணாம்பு ஜன்னல்

எங்கள் வீட்டின் தெருப்பக்கச் சுவரில் நான்கு ஜன்னல்கள். வாசற்கதவுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. நான் கல்யாணமாகி வந்த புதிதில், வெளியே பார்த்த நான்காவது ஜன்னலை உள்ளே எவ்வளவு தேடியும் காணவில்லை. அது இருக்க வேண்டிய வலதுகோடி மூலை அறையில் வெறும் சுவர்தான் இருந்தது. யாரையாவது கேட்டிருக்கலாம். வந்ததும் வராததுமாகச் சுவரை ஆராய்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று கேட்கவில்லை. ஒரு நாள் வாசல் தெளிக்கப் போனவள், தெருவில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அந்த ஜன்னல் கதவைக் கையால் தள்ளினேன். அசையவில்லை. மரத்தைத் தொட்ட மாதிரியும் இல்லை, சில்லென்று இருந்தது. சட்டம், கீல், ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்த பலகைகள், கொண்டி எல்லாமே சுண்ணாம்புப் பூச்சில் செய்து பச்சை அடித்தவை.

உள்ளே போனதும் என் கணவரின் தாயார், அத்தை, என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டார். பச்சை ஒட்டியிருந்தது.

“இன்னாமே, தொறந்துச்சா?” என்றார்.

அன்றிலிருந்து அது வீட்டில் ஒரு கேலியாகிவிட்டது. பால் காய்ச்ச நேரமானால், கிணற்றடியில் கொஞ்சம் தாமதித்தால், “மருமவ ஜன்னல் தொறக்கப் போயிருக்கா” என்பார். அதில் கோபம் இருந்ததில்லை. இருந்ததோ என்று நான்தான் ஒவ்வொரு முறையும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டைக் கட்டியவர் என் கணவருக்கு மூன்று தலைமுறை முந்தியவர். பாகூரிலிருந்து நெல் மூட்டைகளை வண்டியேற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போவாராம். அங்கே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரர்கள் குடியிருக்கும் தெருக்களில் வரிசையாக ஜன்னல் வைத்த உயரமான வீடுகளைப் பார்த்துவிட்டு வந்து, தெருவில் நின்று பார்த்தால் அப்படி இருக்க வேண்டும், உள்ளே வந்தால் நம் வீடு மாதிரி இருக்க வேண்டும் என்று கொத்தனார்களிடம் சொன்னாராம். அவர்கள் இரண்டையும் செய்து கொடுத்திருக்கிறார்கள். முன்பக்கம் தளம் போட்ட மெத்தை வீடு. சுவரிலிருந்து பாதி எழும்பிய தூண்கள், ஜன்னல் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வளைவு, மேலே கைப்பிடிச் சுவரில் பூச்சாடிகள் போன்ற சுதை வேலை. செலியமேட்டுக்குப் போகிற வண்டிக்காரர்கள் இன்றும் மாட்டை நிறுத்திப் பார்ப்பதுண்டு. வாசற்படி தாண்டினால் அந்தப் பட்டணம் முடிந்துவிடும். நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மரத்தூண்கள், நாலு பக்கமிருந்தும் உள்நோக்கிச் சரியும் நாட்டு ஓடு. மழை பெய்தால் நாலு பக்கத் தண்ணீரும் முற்றத்தில் வந்து விழும்.

வெளிச்சமெல்லாம் முற்றத்திலிருந்துதான். மூலை அறைக்கு அது போய்ச் சேராது. அதன் கதவு தாழ்வாரத்தைப் பார்த்திருந்தாலும் குறுக்கே நெல் பத்தாயம் நின்றது. பகலிலும் விளக்கு வேண்டும். இந்த வீட்டில் பிள்ளை பெற்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்த அறையில்தான் கிடக்க வேண்டும். பச்சை உடம்பில் காற்றுப் படக் கூடாது என்பதால் அதைவிட நல்ல அறை கிடையாது என்பது அத்தையின் எண்ணம்.

என் மூத்த பெண்ணும் நானும் அந்த அறையிலேயே தங்கிவிட்டோம். அவளுக்கு நடக்க வந்த பிறகு மூச்சு இழுப்பு வரத் தொடங்கியது. பூனை உறுமுவது போல மார்புக்குள் ஒரு சத்தம். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வரும். நான் அவளைத் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அந்த நான்கு சுவருக்குள் நடந்துகொண்டிருப்பேன்.

நான் வில்லியனூரில் கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சுகாதாரப் பாடத்தில் ஒரு படம் உண்டு: கட்டில், அதில் ஒரு குழந்தை, பக்கத்தில் திறந்த ஜன்னல், காற்றில் ஒதுங்கிய திரை. அந்தப் படத்துக்குக் கீழே நல்ல காற்றைப் பற்றி இருந்த வரியை நாங்கள் கூட்டமாகச் சேர்ந்து உரக்கச் சொல்வோம். அதை இப்போது சொல்லிப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் பெண் இழுத்துக்கொண்டிருக்கும்போது எனக்குத் தெரிந்திருந்தது அது ஒன்றுதான்.

“அந்தப் பொய் ஜன்னல நிஜ ஜன்னலா ஆக்கிட்டா இன்னா?” என்று ஒரு நாள் சாப்பாடு போடும்போது கணவரிடம் கேட்டேன்.

அவர் நிலபுலம் பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அத்தைதான் பதில் சொன்னார்.

“காத்து வேணும்னா முத்தத்துல போய் குந்து. சுவத்த ஏன் ஒடைக்கணும்?”

“அறைக்குள்ள காத்து வரணும் அத்தை. கொழந்த நெஞ்சு அப்பதான் சுத்தமாவும்.”

“பள்ளிக்கூடத்துல சொன்னாங்களா?”

“ஆமா.”

“அவங்களுக்கு எத்தினி புள்ள?”

கணவர் சிரித்துவிட்டார். கன்னியர்களுக்கு ஏது பிள்ளை? எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நான் விடவில்லை. இதை எழுதும்போது அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்: நான் விடவில்லை. வழக்கமாக ஒரு முறை சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நானே பின்வாங்கிவிடுகிறவள். இதை மட்டும் மாதக்கணக்காகச் சொன்னேன். ஒரு நாள் பெண்ணுக்கு இழுப்பு கடுமையாகி உதடு நீலம் பாரித்தபோது கணவர் வந்து கதவருகே நின்று பார்த்தார். மறுநாள் கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார்.

ஆவணியில் வேலை தொடங்கியது. கொத்தனார் சூடம் கொளுத்திச் சுவரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, சிற்றுளியை வைத்து முதல் அடி அடித்தார். பச்சைப் பலகை ஒன்று சில்லாகப் பெயர்ந்து தெருவில் விழுந்தது. என் பெண் அழத் தொடங்கிவிட்டாள். அது அவள் ஜன்னல். தினமும் வெளியே நின்று சுண்ணாம்புக் கொண்டியைப் பிடித்து, “தொற, தொற” என்று விளையாடுவாள். நிஜமாகத் திறக்கப் போகிறது என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. உடைந்த பச்சைச் சில்லுகளைப் பாவாடையில் பொறுக்கிக்கொண்டாள்.

பூச்சு முழுக்க உதிர்ந்ததும் கொத்தனார் எங்களைக் கூப்பிட்டார். உள்ளே செங்கல் சுவருக்குள் ஒரு வளைவு இருந்தது. மற்ற மூன்று ஜன்னல்களின் தலையில் இருப்பது போலவே, ஆப்பு ஆப்பாகச் செங்கல் நிறுத்திய வளைவு. அதற்குக் கீழே அடைத்திருந்த செங்கல் வேறு நிறம், வேறு அளவு.

“இது மொதல்லயே ஜன்னல்தாம்மா” என்றார் கொத்தனார். “பொறவு எவனோ அடச்சிட்டு மேலே பொம்ம ஜன்னல் வெச்சிருக்கான். திருடனுக்குப் பயந்துதான். வேற இன்னா?”

“திருடன்னா ஒண்ண மட்டும் ஏம்பா அடைக்கணும்? மத்த மூணும் சும்மாதான கீது?” என்றார் என் கணவர்.

“பெரிய வூட்டு விசயம்” என்று தலையைச் சொறிந்தார் கொத்தனார்.

கணவர் அத்தையிடம் திரும்பினார். “உனக்குத் தெரியுமா?”

“எனக்கின்னா தெரியும்? நான் கட்டிக்கினு வரசொல்லவே இது இப்பிடித்தான் இருந்துச்சு. கேக்கறதுக்கு மாமியாரா, நாத்தனாரா? என் மாமியார நான் கண்ணால கண்டதே இல்ல. நான் வர்றதுக்கு மின்னாடியே செத்துப் பூட்டாங்க. அவங்க ஏத்தின வெளக்குதான் இருந்துச்சு.”

எல்லோரும் அதோடு விட்டுவிட்டார்கள். என்னால் முடியவில்லை. அது பிள்ளை பெற்றவர்கள் கிடக்கிற அறை. அதன் ஜன்னலை மட்டும் ஒருவர் அடைத்திருக்கிறார் என்றால், அங்கே ஒரு தாய் கிடந்திருப்பாள். அவளுக்கு ஒரு குழந்தை இருந்திருக்கும். காற்று வேண்டாம் என்று அவள் கேட்டிருப்பாள், நான் வேண்டும் என்று கேட்டது போலவே விடாமல். அவள் காரணம் என் காரணத்தைவிடப் பெரியதாக இருந்திருந்தால்?

அதை யாரிடமாவது சொல்வதற்குள் எனக்கு வேறொன்று வந்துவிட்டது. வேலைக்குக் குழைத்து வைத்த சுண்ணாம்பின் வாடை ஒரு நாள் காலையில் அடிவயிற்றைப் புரட்டியது. கிணற்றடிக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அத்தை முகத்தைப் பார்த்தார், தலைகுளித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டார், நேராகத் தெருவுக்குப் போனார்.

“கொத்தனாரே, நிறுத்துபா.”

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கிக் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரைக் கொத்தக் கூடாது, திறந்ததை மூடவும் கூடாது. எதை இடிக்கிறோமோ அது வயிற்றில் இருக்கிற பிள்ளையின் உடம்பில் தெரியும் என்பார்கள். எந்த ஊர்க் கொத்தனாரும் மீறமாட்டார்.

“மூடியாவது குடுத்துட்டுப் போபா” என்றார் கணவர்.

“மூடறதும் அதே கணக்குதாங்க. பொறந்தப்புறம் வரேன்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஆக, சுவரில் ஒரு முறம் அளவு ஓட்டை. பாதி அடைப்பு எடுத்தும் பாதி எடுக்காமலும் நின்றது. கணவர் பனையோலைத் தட்டி ஒன்றைக் கட்டி, மேலே சாக்கைத் தொங்கவிட்டார். ஆணி அடிக்கக் கூடாது என்பதால் கயிற்றை உள்ளே கட்டில் காலில் இழுத்துக் கட்டினார். ஐப்பசி பிறந்து கடற்கரைப் பக்கமிருந்து மழை அடித்தபோது தட்டி ஒரு பக்கம், சாக்கு ஒரு பக்கம். தண்ணீர் அறைக்குள் வந்தது. முன்பு காற்று வராத அறையில் இப்போது ஈரக்காற்று மட்டும் வந்தது. என் பெண் அதுவரை இழுத்ததைவிட மோசமாக இழுத்தாள்.

நான் படித்ததை நம்பிச் சுவரைத் திறந்தேன். அதனால் மூத்தவள் நனைகிறாள். அதை முடிக்கச் சொன்னால் வயிற்றில் இருப்பதற்கு என்ன ஆகுமோ. இதில் எதையும் நான் நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டேன். நம்பாதவள் ஏன் கொத்தனாரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லவில்லை என்றும் கேட்டுக்கொண்டேன்.

வழி கண்டுபிடித்தது அத்தைதான். ஒரு நாள் காலை, நனைந்த பாயை முற்றத்தில் பிழிந்துகொண்டே சொன்னார்.

“நீ இந்த வூட்ல இருந்தாதான இது புள்ளத்தாச்சி வூடு? உங்கம்மா வூட்டுக்குப் போ. நீ இல்லன்னா இது வெறும் வூடு. கொத்தனார் வருவான்.”

“அப்படிச் செய்யலாமா அத்தை?”

“ஏன் செய்யக் கூடாது? சாமியே கோயில் வேலைன்னா எடத்த மாத்திக்கினு போவுது. நீ போவக் கூடாதா?”

பெண்ணை அழைத்துக்கொண்டு கூண்டு வண்டியில் வில்லியனூர் போனேன். அம்மா வீடு கூரை வீடு. பெரிய வீடல்ல, ஆனால் எங்கே நின்றாலும் காற்று. சுவர் இடுப்பளவுதான், மேலே இடைவெளி விட்டுக் கட்டிய மூங்கில் பிளாச்சு. படத்தில் இருந்த குழந்தைக்குக்கூட இவ்வளவு காற்று இருந்திருக்காது. முதல் சில நாள் பெண் நன்றாக இருந்தாள். நான் சந்தோஷப்பட்டேன். நான் சொன்னது சரி என்று அத்தையிடம் சொல்வதற்கு வார்த்தைகூட யோசித்து வைத்தேன்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம், அந்தக் காற்றோட்டமான இடத்தில், அம்மா மடியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தவளுக்கு இழுப்பு வந்தது. பாகூர் இருட்டறையில் வந்த அதே சத்தம், அதே கழுத்துக்குழி.

அம்மா நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஜன்னல் காரணமில்லை என்றால் நான் அந்த வீட்டை எதற்காக உடைக்கச் சொன்னேன்? ஈரம் காரணமாக இருக்கலாம். அறைக்கு எதிரே நின்ற நெல் பத்தாயத்தின் தூசி நெஞ்சிலேயே தங்கியிருக்கலாம். காற்றே காரணமாக இருக்கலாம், அதனால்தான் முன்பு ஒருத்தி அடைத்திருக்கலாம். ஒவ்வொன்றும் சரியாகத்தான் தோன்றியது.

அடுத்த வாரம் கணவர் கரும்பு வண்டியோடு அந்தப் பக்கம் வந்தவர் எங்களைப் பார்க்க வந்தார். கால் கழுவுவதற்கு முன்பே சொல்லத் தொடங்கினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“மழ விட்டிருக்கு, கொத்தனார் வந்துட்டாரு. அடைப்பு பூரா எடுத்தாச்சு. வளைவு ஒரு விரக்கடை எறங்கல, அப்பிடியே நிக்குது. தேக்குல நிலை. கதவு அதே மாதிரி சாஞ்ச பலகை, ஆனா ஏத்தி எறக்கலாம். கம்பு ஒண்ணு நடுவுல, இப்பிடி இழுத்தா வெளிச்சம், இப்பிடி தள்ளுனா இருட்டு.” கையால் செய்து காட்டினார்.

நான் நடந்ததைச் சொன்னேன். இங்கேயும் இழுப்பு வந்தது, இவ்வளவு காற்றிலும் வந்தது என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. “நிலை வெச்சாச்சே” என்றார்.

திட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாகப் பெண்ணைத் தூக்கி, “உன் ஜன்னலு இப்ப நெஜமா தொறக்குது தெரியுமா?” என்று அவளிடம் பேசத் தொடங்கிவிட்டார்.

தை பிறந்து பூச்சு காய்ந்த பிறகு பாகூர் திரும்பினோம். தெருவில் வண்டி திரும்பியதுமே பெண் எழுந்து நின்றுவிட்டாள். நான்கு ஜன்னலும் நான்கு ஜன்னலாக இருந்தன. மூலை அறைக்குள் போனேன். தரையில் வெயில் கோடுகோடாக விழுந்திருந்தது. அந்தத் தரையின் நிறம் சிவப்பு என்பது எனக்கு அதுவரை தெரியாது. பத்தாயமும் இடம் மாறியிருந்தது. யார் சொல்லி மாற்றினார்கள் என்று கேட்டேன்.

“ஒரே தூசி, அதான்” என்றார் அத்தை.

பங்குனியில் அந்த அறையில்தான் சின்னவன் பிறந்தான். மருத்துவச்சி அவனைக் கழுவித் துணியில் சுற்றிக் கொடுத்தாள். சுகமாக அழுதான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இடது காது மடலின் மேல் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. அரிசி அளவுதான். சிற்றுளியை வைத்து ஒரே ஒரு தட்டு தட்டினால் சுவர் விளிம்பில் எப்படிச் சில்லு பெயருமோ அப்படி.

நான் துணியை இழுத்து மூடினேன். அத்தை அதற்கு முன்பே பார்த்துவிட்டார்.

தீட்டுக் கழிக்கிற புண்ணியாசனம் ஆன மறுநாள் எதிர்வீட்டு அம்மாள் குழந்தை பார்க்க வந்தார். மடியில் வாங்கிக் கொஞ்சினார், காதைப் பார்த்தார், கொஞ்சுவதை நிறுத்தினார். பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

“இன்னா பாக்கற?” என்றார் அத்தை. “அது எங்க மாமியார் காது. அவங்களுக்கும் இதே எடம், இதே மாதிரி. தலைய வாரி கொண்ட போடசொல்ல எத்தினி வாட்டி பாத்திருக்கேன். கொள்ளுப்பேரன்கிட்ட வந்து ஒட்டிக்கிச்சு பாரு.”

“அப்பிடியா!” என்று எதிர்வீட்டு அம்மாள் மறுபடி கொஞ்சத் தொடங்கினார். “கெழவி காத எடுத்துக்கினு வந்துட்டியாடா? டேய், அவங்க வெளக்க நீ ஏத்தப் போறியாடா?”

அவர் போகும்வரை நான் தலை நிமிரவில்லை. போன பிறகு மெதுவாகச் சொன்னேன்.

“அத்தை, நீங்க அவங்கள கண்ணால கண்டதே இல்லன்னு சொன்னீங்க.”

“அவளும்தான் கண்டதில்ல” என்றார் அத்தை.

சிரிக்க வேண்டிய இடம். எனக்கு அழுகை வந்தது. சாமிக்குப் பயந்தவர். விளக்கு வைத்த பிறகு ஊசியைக்கூடக் கையால் கொடுக்காதவர். எனக்காகச் செத்தவர் பேரில் பொய் சொல்லியிருக்கிறார்.

“ஜன்னலாலதான்னு நெனைக்கிறீங்களா அத்தை?”

இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் கேட்டேன். அத்தை குழந்தையின் காதில் விளக்கெண்ணெய் தொட்டு, வெட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சேர்த்து நீவிக்கொண்டிருந்தார். இன்றும் தினமும் அப்படி நீவுகிறார், ஒட்டிக்கொள்ளும் என்று.

“நெனைக்கிறன்” என்றார். “பெரியவ மூச்சு வுடணுமேன்னும் நெனச்சேன். ஒண்ண நெனச்சா இன்னொண்ண நெனைக்கக் கூடாதா?”

அவருக்கு இரண்டும் ஒரே கையில் இருந்தன. எனக்குத்தான் ஒன்றை எடுத்தால் மற்றது விழுந்துவிடுகிறது. ஒரு குழந்தைக்குக் காற்று வாங்கிக் கொடுத்து இன்னொரு குழந்தையின் காதை விற்றுவிட்டேன் என்று ஒரு நாள் நினைக்கிறேன். மறுநாள், இதென்ன பைத்தியக்காரத்தனம், பள்ளிக்கூடம் போனவள் பேசுகிற பேச்சா இது என்று நினைக்கிறேன். அந்த இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் கனக்கின்றன.

பெரியவளுக்கு இழுப்பு குறைந்திருக்கிறது. நின்றுவிடவில்லை. குறைந்தது ஜன்னலாலா, பத்தாயத்தை நகர்த்தியதாலா, வயது ஏறியதாலா, சொல்லத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் அவளே போய் நடுக்கம்பை இழுத்துப் பலகைகளை நிமிர்த்துகிறாள். வெயில் கோடுகள் தம்பியின் மேல் விழுகின்றன. அவன் அவற்றைப் பிடிக்கப் பார்க்கிறான்.

இப்போது பனி தொடங்கியிருக்கிறது. நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் ஜன்னலண்டை போனேன். பனிக்காற்று பட்டால் பெரியவளுக்கு இழுக்கும். அடைத்து வைத்தால் அறையின் பழைய புழுக்கம் வந்துவிடும், அதற்கும் இழுக்கும். சின்னவனுக்குக் காற்றே ஆகாது என்கிறார்கள். கம்பை இழுத்தேன், தள்ளினேன், மறுபடி இழுத்தேன். பலகைகள் படபடவென்று சத்தம் போட்டன.

தாழ்வாரத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது.

“இன்னாமே, தொறந்தியா, மூடினியா?”

“பாதி” என்றேன்.

“சரி, பாதியே இருக்கட்டும். புள்ளைய எடுத்துக்கினு வா, எண்ண காய்ஞ்சிருச்சு.”